ஹார்டு டிஸ்க் மாற்றக் கொடுக்கிறீர்களா? பழைய டிஸ்கைக் கையோடு வாங்கி வாருங்கள்

டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பெரிய டிஸ்க் போடக் கொடுத்த இடத்தில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் போகிறது, அது முடியட்டும்.

என்னிடம் இருந்தது 500 ஜிபி டிஸ்க். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காதுகுத்து பேனர் என்று வருஷக்கணக்கான வேலை அதில் சேர்ந்து, சி டிரைவ் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. 2 டிபி டிஸ்க் போட்டு, இருப்பதை அப்படியே அதற்கு மாற்றித் தரச் சொன்னேன். "குளோன் போட்டுடலாம்க்கா, ஐகான்கூட இடம் மாறாது" என்றார் கடையில் இருந்த தம்பி. டிஸ்குக்கு ஒரு விலை, குளோனுக்குத் தனிக் கூலி. இரண்டையும் கொடுத்தேன்.

மெஷின் திரும்பி வந்ததும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை டிசைன் மென்பொருளான கோரல்டிராவில் திறந்தேன். மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நின்றன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். யூனிகோட் வருவதற்கு முந்தைய அந்த எழுத்துருக்களில் அடியில் இருப்பதெல்லாம் ஆங்கில விசைதான். மெய்யெழுத்தின் புள்ளி ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் முகம் இப்படித்தான் தெரியும். குளோன் என்றால் விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு எல்லாம் பழைய டிஸ்கில் இருந்தபடியே வந்திருக்க வேண்டும். இவர்கள் புதிதாக விண்டோஸ் போட்டு, டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் காப்பி பேஸ்ட் செய்திருக்கிறார்கள். சி டிரைவில் நேரடியாக வைத்திருந்த என் வேலை ஃபோல்டரைக் காணவே இல்லை.

போட்ட விண்டோஸாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. என்னுடையது லைசென்ஸோடு வந்த பிராண்டட் மெஷின். விண்டோஸின் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். டிஸ்க் மாறினாலும் அது போகாது. ஆனால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இது இயங்குகிறது என்று வருகிறது. எனக்கு ஏது நிறுவனம்? கிராக் போட்ட, அதாவது லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக ஓட்டும் விண்டோஸில் வழக்கமாக வரும் வரி அது. உங்கள் வீட்டு மெஷினிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு டிஸ்க் மீதே சந்தேகம் வந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். நீலப் பெட்டியில் 'குட்' என்று காட்டியது. நிறைய பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். வலது ஓரத்தில் இரண்டு எண்கள் இருக்கும், அங்கே பாருங்கள். டிஸ்க் ஓடிய மொத்த நேரம் 26,412 மணி. அதை ஆன் செய்த தடவைகள் வெறும் 58. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம்தான். அப்படியென்றால் புதிது என்று எனக்கு விற்ற டிஸ்க், அநேகமாக அணைக்காமலே மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. சிசிடிவி பெட்டியில் இருக்கும் டிஸ்க் அப்படித்தான் ராத்திரி பகலாக ஓடும். அதைக் கழற்றித் துடைத்து, பளபளவென்று கவரில் போட்டு விற்றிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டேன். வாரண்டி முடிந்துவிட்டது என்று வந்தது.

2 டிபி வாங்கியும் 1.81 என்றுதான் காட்டுகிறது என்று சிலர் சண்டைக்குப் போவார்கள். அது மோசடி இல்லை. கம்பெனி ஆயிரத்தில் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-இல் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். மணிக்கணக்குதான் முக்கியம். அதையும் பூஜ்யமாக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதிது என்று விற்ற, சீகேட் கம்பெனியின் எக்ஸோஸ் டிஸ்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று வெளிவந்தது. வழக்கமான கணக்கைத் துடைத்திருந்தார்கள். டிஸ்குக்குள் இருக்கும் ஃபார்ம் (FARM) என்ற இன்னொரு பதிவு காட்டிக்கொடுத்தது. அதனால் மணி பூஜ்யம் என்றாலும் சீரியல் நம்பரையும் போட்டுப் பாருங்கள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "அந்த சாஃப்ட்வேர் தப்பா காட்டும் மேடம்" என்றார். சரி, என் பழைய டிஸ்கைக் கொடுங்கள் என்றேன். "அது எக்ஸ்சேஞ்சில் போயிடுச்சே" என்றார். எக்ஸ்சேஞ்ச் என்ற பேச்சே எங்களுக்குள் நடக்கவில்லை. எனக்கு உண்மையில் வயிறு கலங்கியது அப்போதுதான். அந்த டிஸ்கில் என் டிசைன் மட்டுமா இருக்கிறது? ஆன்லைன் விண்ணப்பம் போட என்னிடம் வந்தவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. என்னை நம்பிக் கொடுத்தவை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று எழுந்த பிறகு, உள்ளே இருந்து டிஸ்க் வந்தது. ஃபார்மட் செய்து வைத்திருந்தார்கள்.

அவசரத்துக்குச் செய்யும் குவிக் ஃபார்மட், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும்தான் அழிக்கிறது, உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். எடுத்தவர் கையில் எல்லாம் கிடைக்கும் என்பதும் அதனால்தான். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, என் ஃபைல்களில் பெரும்பகுதியை மீட்டேன். பெயர்கள் திரும்பி வராது. ஒவ்வொன்றும் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணுமாக நிற்கிறது; யார் வீட்டுப் பத்திரிகை எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்கிறேன். பழையது எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்காக இருந்திருந்தால், ஃபார்மட் செய்ததுமே அழித்த இடத்தைக் காலியாக்கும் டிரிம் என்ற வசதி வேலை செய்து பெரும்பாலும் எதுவும் தேறியிருக்காது.

டிஸ்க் மாற்றக் கொடுப்பவர்கள், கழற்றிய பழைய டிஸ்கை வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். குளோன் என்றால் பழைய டிஸ்கில் எதையும் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அது அப்படியே இருக்கும், மாட்டினால் பழையபடி ஓட வேண்டும். ஒரு மாசமாவது அதைத் தொடாமல் பெட்டியில் வையுங்கள். புதிய டிஸ்கின் மணிக்கணக்கைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டை பில் என்று ஏற்காதீர்கள். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எனக்குக் கொடுத்தது அந்தத் துண்டுச் சீட்டுதான். நல்லவேளை, பணம் யூபிஐயில் போனதால் அதற்குச் சாட்சி இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். மணிக்கணக்குத் திரை, வாரண்டிப் பக்கம், யூபிஐ ரசீது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன். என்னிடம் ஆதார் நகல் கொடுத்திருந்தவர்களுக்கு நானே போன் போட்டு நடந்ததைச் சொல்லி, பயோமெட்ரிக்கை ஆதார் செயலியில் பூட்டி வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதிப் பேருக்குப் பேச வேண்டியிருக்கிறது.