அமாவிஸா, ஆர்ஸ்பேம்டியா: பையர் மெயில் எங்கே போச்சு?

திருப்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்துக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். 45 மெயில் பெட்டிகள், 4 ஜிபி ராம் உள்ள ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), அதில் டெபியன் லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட். இதுவரை குழப்பமே இல்லை. ஸ்பேமையும் வைரஸையும் எதை வைத்து வடிகட்டுவது என்பதில்தான் ஒருமுறை கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினேன். முதல் மூன்று வருடம் அமாவிஸ்; அது மெயிலை வாங்கி, ஸ்பேம் பார்க்கும் ஸ்பேம்அசாசினிடமும் வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவியிடமும் காட்டும். இப்போது இரண்டு வருடமாக, ஸ்பேமைத் தானே வடிகட்டும் ஆர்ஸ்பேம்டியும் அதே கிளாம்ஏவியும். நான் ஆர்ஸ்பேம்டி பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அமாவிஸும் ஸ்பேம்அசாசினும் பெர்ல் மொழியில் எழுதப்பட்டவை. ஆர்ஸ்பேம்டி சி மொழியில் எழுதப்பட்டது, விதிகள் லுவாவில். வேகம் அதுதான் அதிகம், ஆனால் 45 பெட்டிக்கு அது யார் கண்ணிலும் படாது. ஸ்பேம் பிடிப்பதிலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுக்குமே 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் காட்டிப் பழக்கினால்தான் பேயஸ் பகுதி (பழைய மெயில்களின் சொற்களை வைத்துக் கணிப்பது) வேலையே தொடங்கும்.

என்னை மாற்றியது ஒரு போன். "அண்ணா, பையர் நேத்தே டெக்பேக் அனுப்பிட்டாங்களாம், இங்க வரலைங்க." பையர் என்றால் ஆர்டர் தரும் நிறுவனம், டெக்பேக் என்றால் ஆடையின் அளவு, துணி விவரங்கள் உள்ள கோப்பு. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பெண் வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படிக் கூப்பிடுவார். மெயில் சர்வர் வைத்திருப்பவனுக்கு உண்மையான வேலை இதுதான். நிறுவுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும்.

அமாவிஸ் அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கி 10024 போர்ட்டில் இருக்கும் அமாவிஸுக்குத் தள்ளும், அமாவிஸ் சோதித்துவிட்டு 10025 போர்ட் வழியாகத் திருப்பித் தரும். அதனால் லாகில் ஒரே மெயிலுக்கு இரண்டு க்யூ ஐடி (வரிசை அடையாளம்). அனுப்பியவர் முகவரியைத் தேடி முதல் ஐடியைப் பிடித்து, அதன் கடைசி வரியிலிருந்து இரண்டாவது ஐடியை எடுத்து, நடுவில் அமாவிஸ் என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும். நான் கிரேலிஸ்டுக்கு (முன்பின் தெரியாத சர்வரை 'கொஞ்சம் கழித்து வா' என்று திருப்புவது) போஸ்ட்கிரேயும், டிகிம் கையெழுத்துக்கு (மெயில் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் முத்திரை) ஓபன்டிகிம்மும் தனித்தனியாக வைத்திருந்தேன். ஒருநாள் முக்கால் மணி நேரம் அமாவிஸ் வரிகளையே துழாவினேன். கடைசியில் பார்த்தால் மெயில் வாசலிலேயே போஸ்ட்கிரேயிடம் நின்றிருந்தது. அமாவிஸ் அதைப் பார்க்கவே இல்லை.

ஆர்ஸ்பேம்டியில் கிரேலிஸ்ட், எஸ்பிஎஃப் (அந்த டொமைனுக்கு எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம், டிமார்க் (இவை தவறினால் என்ன செய்வது என்ற டொமைனின் கொள்கை) எல்லாம் ஒரே இடத்தில். மில்டராக (மெயில் வரும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் கருத்துக் கேட்கும் வடிகட்டி) 11332 போர்ட்டில் உட்கார்ந்து, அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே முடிவு சொல்லிவிடும். 11334-இல் ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. அதை வெளியே திறந்துவிடாதீர்கள், எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்கான பூட்டிய இணைப்பு) வழியாகப் போங்கள். அங்கே ஹிஸ்டரியில் ஒரு மெயிலைத் தொட்டால் எந்த விதிக்கு எத்தனை மதிப்பெண் என்று வரிசையாக விரியும். இயல்பான அமைப்பில் 4 வந்தால் கிரேலிஸ்ட், 6-க்கு ஸ்பேம் முத்திரை, 15-க்கு நிராகரிப்பு. போன தடவை போன் வந்தபோது பையரின் ஏஜென்ட் புது சர்வருக்கு மாறியிருந்தார். எஸ்பிஎஃப் பதிவில் புது ஐபி இல்லை, ஐபியிலிருந்து சர்வர் பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் இல்லை. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், அவர்கள் ஐடி ஆளே சரிசெய்துவிட்டார். எனக்கு ஆனது ஐந்து நிமிடம்.

அமாவிஸையும் மெயிலை ஏற்கும் முன்பே சோதிக்கும்படி அமைக்கலாம். நான் அப்படி ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அந்த வகையில் என் ஒப்பீடு அரைகுறைதான்.

ஒரு விஷயத்தில் அமாவிஸை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். குவாரண்டைன், அதாவது சந்தேக மெயிலைப் பிடித்து வைக்கும் கிடங்கு. பிடித்து வைத்த மெயிலை ஒரே கட்டளையில் விடுவிக்கலாம். ஆர்ஸ்பேம்டிக்கு அப்படி ஒரு கிடங்கு கிடையாது. நிராகரித்தால் போனது போனதுதான், அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும். சட்டப்படி எல்லாவற்றையும் பிடித்துவைக்க வேண்டிய அலுவலகம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே அமாவிஸ் பக்கம் போகலாம்.

கிளாம்ஏவி எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும் செலவு. ஒரு ஜிபிக்கு மேல் ராமை விழுங்கும், வைரஸ் தகவல் புதுப்பிக்கும்போது கொஞ்ச நேரம் இரட்டிப்பாகும். ஒருநாள் விடியற்காலை என் 4 ஜிபி மெஷினில் கெர்னல் அதைக் கொன்றுவிட்டது. கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோடு என்ற அமைப்பை அணைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. புதுப்பிக்கும் சில நொடிகள் ஸ்கேன் காத்திருக்கும், பரவாயில்லை. அப்புறம், ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைச் சொல்லும் ஸ்பேம்ஹவுஸ் பட்டியலை கூகுளின் 8.8.8.8 டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. இரண்டு அமைப்புக்குமே அன்பௌண்ட் என்ற நிரலைப் போட்டு சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தருவது) வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்ஏவி செத்துக் கிடக்கும்போது அமாவிஸ் மெயிலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். ஆர்ஸ்பேம்டி இயல்பாக அப்படிச் செய்யாது. ஸ்கேன் தோற்றது என்று ஒரு குறி போட்டுவிட்டு மெயிலை உள்ளே விட்டுவிடும். என் சர்வரில் ஒரு மாதம் இது இப்படியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆர்ஸ்பேம்டியின் ஃபோர்ஸ் ஆக்ஷன்ஸ் பகுதியில் அந்தக் குறி வந்தால் தற்காலிகமாக மறுக்கும்படி எழுதிவிடுங்கள். பிறகு கிளாம்டியை (பின்னணியில் ஓடும் கிளாம்ஏவி) வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, வெளி மெஷினிலிருந்து ஸ்வாக்ஸ் என்ற மெயில் சோதனைக் கருவியை வைத்து, வைரஸ் போல நடிக்கும் தீங்கற்ற 68 பைட் ஐகார் சோதனைக் கோப்பை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். 4-இல் தொடங்கும் பதில், அதாவது தற்காலிக மறுப்பு, வர வேண்டும்.