பத்து வயதைத் தாண்டிய காரும் அதன் சத்தங்களும்

என் கார் 2013இல் பதிவானது. 2023இல் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான 10 ஆண்டு உரிமைச் சான்றிதழ்) முடிந்தபோது வீட்டில் எல்லாரும் கழித்துவிடச் சொன்னார்கள், நான்தான் கேட்காமல் 5 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, அதனால் 2028 வரை எப்படியும் இதை ஓட்டியாக வேண்டும். அதற்கப்புறம்தான் சத்தங்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன.

முதலில் வந்தது ஒரு 'ஊம்ம்' என்ற ரீங்காரம். 60ஐத் தாண்டினால் தொடங்கும், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். சுமார் 9 கிலோமீட்டர் நீளும் கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கப்பாதையில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலேயே முன் சக்கர பேரிங் போயிருக்கும் என்றார்கள். 320 வெள்ளி கொடுத்து மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது!

வேறொரு பட்டறை அங்கிள் காரைத் தூக்கவே இல்லை, குனிந்து பின் டயரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு என்னையும் தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல். காற்றைச் சரியாகப் பார்க்காமல், முன் பின் டயர்களை மாற்றிப் போடாமல் வருடக்கணக்கில் ஓட்டியதன் பலன், தேய்ந்த ஷாக் அப்சார்பரும் அதற்கு ஒத்தாசை. பேரிங் சத்தமாக இருந்தால் நல்ல வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் திருப்பும்போது பெரும்பாலும் கூடும் அல்லது குறையும், டயர் சத்தமோ சாலையின் தளம் மாறினால் மாறும் என்றார். இதை முதல் பட்டறையில் யாராவது சொல்லியிருந்தால் 320 வெள்ளி மிச்சமாகியிருக்கும். இப்போது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை மாற்றிப் போடுகிறேன்.

மற்றவை சில்லறை விஷயங்கள். எங்கள் புளோக்கின் அடுக்குமாடி கார்பேட்டையில் மேடு ஏறி இறங்கும்போது வந்த 'டக் டக்'குக்குக் காரணம் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பு), மாற்றியதும் போய்விட்டது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கீழே தகர டப்பா உருட்டுவதுபோல் வந்தது புகைக்குழாய்க்கு மேலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு, போல்ட் துருப்பிடித்துக் கழன்றிருந்தது, ஒரு கிளாம்ப்தான் போட்டார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் கீச்சிட்டால் அது டிஸ்க்கில் படிந்த துரு, கவலை வேண்டாம். நாள் முழுக்கக் கீச்சிட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவின் ரப்பர் மட்டும் வெயிலில் இறுகிப்போய் 90இல் விசிலடிக்கிறது. புதுசு போட மனமில்லை, ஒலி 96.8 வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.