ஒன்றாம் வகுப்புக்கு விஷுவலைசர் வாங்கலாமா? மதுரைப் பள்ளிகளுக்கான மதிப்புரை

வளையும் கை ஒன்றின் நுனியில் கேமரா, கீழே ஒரு புத்தகம், பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் டிவியும். விஷுவலைசர் என்பது அவ்வளவுதான். மேசைமேல் வைத்த பக்கம் அந்த நொடியே திரையில் பெரிதாகத் தெரியும். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் வாசிப்பு சொல்லித்தரும் பள்ளிக்கு வீடியோ சார்ந்த ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், எங்கள் ஓட்டு இதற்கே.

காரணம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு க, பிறகு கால். வாயில் வருவதோ முதலில் 'க்', அப்புறம் 'ஒ'. தடுமாறும் பிள்ளை இதைக் 'கெரடி' என்று வாசிக்கும். கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' என்று முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலை ரகரமாக எடுத்துக்கொள்கிறது. இது கவனக்குறைவு இல்லை. மூன்று துண்டும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அந்தக் கண்ணுக்கு யாரும் காட்டவில்லை. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிக் காட்டும்போது பிள்ளை பார்ப்பது ஆசிரியரின் முதுகைத்தான். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் முப்பது பிள்ளைகளும் முப்பது இடத்தில் இருப்பார்கள்.

விஷுவலைசரில் செய்யும் முறை இது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சென்டிமீட்டர் உயரம், ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்தால் அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். சுட்டிக்காட்ட விரல் வேண்டாம், திரையில் அது வாழைக்காய் அளவுக்குத் தெரிந்து இரண்டு எழுத்தை மறைத்துவிடும். பேனாவும் தடிமன்தான். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று போதும். ஈர்க்கின் நுனியை முதலில் ககரத்தின் அடியில் வையுங்கள். 'க்' என்று சொல்லட்டும். பிறகு கொம்பைத் தொட்டு, ககரத்துக்கு மேலாகத் தாண்டி, காலைத் தொடுங்கள். கொம்பும் காலும் இரண்டு பக்கமும் காவல் நின்றால் 'ஒ' என்று சொல்லிக்கொடுத்த பிறகு 'கொ'. நடுநடுவே குச்சியை நிறுத்தி, "எங்க நிக்கிறோம்?" என்று கேட்டால், "'டி'ல நிக்குது டீச்சர்" என்று பதில் வர வேண்டும். அது வராவிட்டால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள் என்று பொருள். சரியாக வாசிப்பதுபோலக் கேட்கும் ஒரு வகுப்பில் உண்மையில் எத்தனை பேர் எழுத்தைப் பார்க்கிறார்கள் என்பது இந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று கற்றல் நிலைவாரியாக உட்காருகிறார்கள். இந்தக் கருவி அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும். அரும்பு நிலைப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திரைக்கு முன்னால் தரையில் உட்கார வைத்துப் பதினைந்து நிமிடம் செய்தால் போதும். மலர் நிலைப் பிள்ளைகளுக்கு இது தேவையே இல்லை, அவர்கள் கையில் புத்தகம் இருந்தால் சரி. வகுப்பு முழுவதையும் ஒரு மணி நேரம் திரைமுன் உட்கார வைப்பது பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குவது.

இனி அளவுக் கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். பிள்ளை உட்கார்ந்திருக்கும் தூரத்தில் நூறில் ஒரு பங்காவது எழுத்தின் உயரம் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மூன்று சென்டிமீட்டர். 43 அங்குல டிவியின் திரை அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், உயரம் 53. ஏ4 பக்கம் முழுவதையும் நேராகக் காட்டினால் பக்கம் இரண்டு மடங்குகூடப் பெரிதாகாது. அரை சென்டிமீட்டர் எழுத்து ஒரு சென்டிமீட்டரைத் தொடாது. 'டிவியில் போட்டும் பின்னால் இருக்கும் பிள்ளைக்குத் தெரியவில்லை' என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு வரி மட்டும், அதாவது 16 சென்டிமீட்டர் அகலம் மட்டும் திரையை நிறைக்கும்படி கேமராவைக் கீழே இறக்குங்கள். எழுத்து ஆறு மடங்காகி மூன்று சென்டிமீட்டருக்கு வந்துவிடும்.

கேமராவின் கை கீழே இறங்காத மாடல் என்றால் டிஜிட்டல் ஜூம்தான் வழி. மெகாபிக்சல் இங்கே கணக்குக்கு வருகிறது. 8 மெகாபிக்சலில் படத்தின் அகலம் 3264 புள்ளி. அதில் பாதியை வெட்டி எடுத்தாலும் தெளிவு பெரிதாகக் குறையாது. 2 மெகாபிக்சலில் பாதியை வெட்டினால் ஆயிரத்துக்கும் குறைவான புள்ளிதான் மிஞ்சும், மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். 'கல்' என்பதில் புள்ளி தெரியாவிட்டால் பிள்ளை 'கல' என்றுதான் வாசிக்கும், அது பிள்ளையின் தவறு இல்லை.

புரொஜெக்டரா, டிவியா? மதுரைப் பக்கத்து வகுப்பறைகளில் ஜன்னல் வழியே வெயில் கொட்டும். ஜன்னலை அடைத்துவிட்டு புரொஜெக்டர் போட்டால் வெயில் நாட்களில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். இருட்டில் கையிலிருக்கும் புத்தகமும் தெரியாது. திரையில் பார்த்ததைக் கையில் இருக்கும் பக்கத்திலும் தேட வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே டிவியே நல்லது. லேம்ப் வகை புரொஜெக்டரில் இன்னொரு சிக்கல், கரண்ட் திடீரென்று போனால் ஃபேன் நின்று, சூடான லேம்ப் ஆறாமல் ஆயுள் குறையும். டிவிக்கும் லேப்டாப்புக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால், கரண்ட் போனாலும் எடுத்த வரியை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

வாங்கிய முதல் வாரம் வரும் தொல்லைகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படம் தத்தித் தத்தி வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். யுஎஸ்பி 2.0 கம்பி நொடிக்கு அதிகபட்சம் 48 கோடி பிட் கடத்தும். 1080பி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 பிரேம் அனுப்ப நூறு கோடியை ஒட்டி வேண்டும். அதனால் பிரேம்கள் வெகுவாகக் குறைந்து, ஈர்க்குச்சி குதித்துக் குதித்து நகரும். மென்பொருளின் செட்டிங்கில் ஒய்யுஒய்2 (YUY2, சுருக்காத படம்) என்று இருப்பதை எம்ஜேபிஜி (MJPG, சுருக்கிய படம்) என்று மாற்றினால் சரியாகும். படத்தில் கருங்கோடுகள் மேலும் கீழும் ஓடினால் ட்யூப் லைட்டின் வேலை அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு வைத்து வந்திருக்கும், 50 ஆக்குங்கள்.

ஆட்டோ ஃபோகஸ்தான் பெரிய எதிரி. அட்டையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கேமரா தேடத் தொடங்கி, மூன்று நொடி எழுத்து மங்கிவிடும். பிள்ளையின் கவனம் போக அந்த மூன்று நொடி போதும். பக்கத்தை வைத்து, ஒருமுறை ஃபோகஸ் செய்து, பூட்டிவிடுங்கள். ஃபோகஸைப் பூட்டும் வசதி இல்லாத மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சிலேட்டைக் காட்டும்போது கறுப்புப் பலகையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், சாக்பீஸ் எழுத்து வெளிறிப் பரவும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, இரண்டு படி குறைத்தால் தெளியும். பிள்ளை எழுதிய சிலேட்டை உடனே திரையில் காட்டுவது இந்தக் கருவியின் மிக நல்ல பயன்களில் ஒன்று, அதனால் இந்தச் செட்டிங்கைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

வழவழப்பான தாளில் கேமராவின் சொந்த எல்இடி விளக்கு வெள்ளைப் பொட்டாக விழும். அதை அணைத்துவிட்டு, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். பக்கம் எழும்பாமல் இருக்கக் கண்ணாடி வைக்காதீர்கள், இன்னும் பளபளக்கும். இரண்டு துணி கிளிப் போதும். ஃபேன் காற்றில் பக்கம் படபடப்பதோடு கேமராவின் கையும் ஆடும். மேசையை ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் சுவரோரம் தள்ளிப் போடுங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தால் 'மிரர்' என்பதை அணைக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் அப்படி ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது.

அடுத்தது பதிவு. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எங்கள் வருத்தம். பிள்ளை ஈர்க்கை நகர்த்திக்கொண்டே வாசிக்க, பக்கமும் குரலும் மட்டும் பதிவாகட்டும், முகம் வேண்டாம். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். படத்தின் அளவை 720பி, பதிவு வேகத்தை 2500 கேபிபிஎஸ் என்று வைத்தால் ஒரு நிமிடம் சுமார் 19 எம்பி. முப்பது பிள்ளைகள், வாரம் ஒருமுறை, நாற்பது வாரம் என்றாலும் 23 ஜிபிக்குள் அடங்கும், ஒரு 32 ஜிபி பென்டிரைவ் தாங்கும். அந்த ஒரு நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள். மைக் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். பதிவைப் போட்டுக் காட்டும்போது தான் எங்கே நின்றோம், எந்த எழுத்தைத் தாவினோம் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அதே பக்கத்தை மூன்று முறை வாசிக்கவைத்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பெற்றோருக்கும் காட்டலாம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், திக்கித் திணறும் ஒரு குழந்தையின் குரல் ஊர் முழுக்கச் சுற்றக் கூடாது.

பதிவைக் கேட்டு மதிப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். நம் பக்கத்தில் 'வாழைப்பழம்' பல வீடுகளில் 'வாளப்பளம்'தான். பழம் என்பதைப் 'பளம்' என்று வாசிக்கும் பிள்ளை எழுத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, வீட்டு வாய் அப்படி. அதைப் பிழையாக எண்ணக் கூடாது. 'பழம்' இருக்கும் இடத்தில் 'பலகை' என்று வாசித்தால் அது முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகித்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. லகர ளகர ழகர உச்சரிப்பைத் தனியாக விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், வாசிப்பின் நடுவே நிறுத்தித் திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

கதை வீடியோக்கள் வேண்டாமா என்றால், ஒரு வகை மட்டும் உதவும். சொல்லும் குரலுக்கு ஏற்பக் கீழே அதே சொல் நிறம் மாறும் வீடியோக்கள். ஒரே மொழியில் ஒலியும் சப்டைட்டில் வரியும் என்ற இந்த எண்ணத்தை 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி முன்வைத்தார். 1999இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி ஒன்றில் அது டிவிக்கு வந்தது. அவர் தொடங்கிய புக்பாக்ஸ் என்ற கதை வீடியோ நிறுவனத்தில் தமிழ்க் கதைகளும் உண்டு. முதல் முறை ஒலியோடு, இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் வாசிக்க, வேகத்தை 0.75க்குக் குறைத்து ஓட்டுங்கள். ஒலியோடு மட்டும் விட்டால் கதை கேட்பார்கள், கண் படத்தின்மேல்தான் இருக்கும். முன்கூட்டியே ஒருமுறை முழுதும் பாருங்கள். சில வீடியோக்களில் எழுத்துரு சரியாக இணையாமல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூடியூப் தானாக உருவாக்கும் சப்டைட்டில் வரிகளையும் அணைத்துவிடுங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட உரிமம் உண்டு. முதல் நிலைக் கதைகளை அச்சிட்டு விஷுவலைசரின் கீழ் வைப்பது, நெட் சிக்னல் பார்த்துக் காத்திருப்பதைவிட எளிது. எந்தப் படப்புத்தகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பார்க்கப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு ஒரு சனிக்கிழமை போய் வரலாம்.

பணம் இல்லையென்றால் பழைய ஃபோனும் வளையும் ஸ்டாண்டும் முக்கால் பங்கு வேலை செய்யும். டைப்-சி முனையிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கம்பியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள், விலை குறைந்த ஃபோன்களில் பெரும்பாலும் படம் வராது. ஃபோனை வெப்கேமராவாக்கும் டிராய்ட்கேம் போன்ற ஆப் வழியாக யுஎஸ்பி கம்பியில் லேப்டாப்புக்கு இணைத்து, ஃபோனை ஃபிளைட் மோடில் போடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஃபோன் சூடேறி கேமரா தானே நின்றுவிடும். தினமும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் விஷுவலைசர்தான்.

டவுன் ஹால் ரோடு பக்கம் கடையில் வாங்குவதென்றால் கையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், ஒரு ஈர்க்குச்சி, பள்ளியின் லேப்டாப் மூன்றும் எடுத்துப் போங்கள். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ஓடுவது உங்கள் பழைய லேப்டாப்பில் ஓடாமல் போகலாம். ஒரு வரியைத் திரை நிறைய வைத்து, ஃபோகஸைப் பூட்டி, குச்சியை வேகமாக ஓட்டிப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். கையின் மூட்டை இருபது முறை மடக்கி விரித்துப் பார்த்து, பிறகும் வைத்த இடத்தில் நிற்கிறதா என்று சோதியுங்கள். முதலில் தளர்வது அந்த மூட்டுதான், அதற்குத் தனியாக உதிரிபாகம் கிடைப்பது அரிது. ரசீதில் மாடல் எண்ணும் வாரன்டி தேதியும் எழுதி வாங்குங்கள். கூடவே மூன்று மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்று. அது இல்லாவிட்டால் மேசை டிவிக்கு அடியிலேயே நிற்கும், ஆசிரியர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டிவரும்.