கிளாங்-குவெரி: மேற்கோளுக்குள் அடைபட்ட எனம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் மெஷின் கன்ட்ரோல் கோடு பார்க்கும் காட்பாடி நண்பர் கேட்டார்: பழைய சி++ கோடில் பாயிண்டருக்கு 0 கொடுத்த இடங்களைப் பிடிக்க, கிளாங் கம்பைலரோடு வரும் தேடல் கருவியான கிளாங்-குவெரி போதுமா? போதும். எனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) மதிப்பு கேட்கும் மேட்சர், அதாவது தேடல் விதி, வந்தால்தான் பொறுமை தேவை.

பாயிண்டருக்கு 0 கொடுத்தால் கம்பைலர் தானாகவே ஒரு வகை மாற்றம் செருகும்; அதுதான் இம்ப்ளிசிட் காஸ்ட், அதன் வகை நல்டுபாயிண்டர். சி++-ல் மேட்சர் எழுதினால் சிகே_நல்டுபாயிண்டர் என்று எனத்தையே தரலாம்; எழுத்து பிசகினால் கம்பைலர் நிறுத்திவிடும். கிளாங்-குவெரியில் அதையே ஸ்ட்ரிங்காகத் தர வேண்டும்: இம்ப்ளிசிட்காஸ்ட்எக்ஸ்பர்(ஹேஸ்காஸ்ட்கைண்ட்("சிகே_நல்டுபாயிண்டர்")).

எனக்கு எரிச்சலே அந்த சிகே_ முன்னொட்டுதான். ஏஎஸ்டி டம்ப்பில் (கம்பைலர் கோடைப் புரிந்துகொண்ட மர வடிவத்தின் அச்சு) கோண அடைப்புக்குள் வெறும் நல்டுபாயிண்டர் என்றுதான் இருக்கும். அதை அப்படியே காப்பி பண்ணி ஒட்டினால் ஏற்காது. அட்ரிபியூட் (கோடில் ஒட்டும் குறிப்பு) இன்னும் மோசம். டம்ப் ஃபைனல்அட்டர் என்று காட்டும், மேட்சருக்கு "அட்டர்::ஃபைனல்" வேண்டும். கோடில் நோடிஸ்கார்ட் என்று இருந்தாலும் தேட வேண்டியது "அட்டர்::வார்ன்அன்யூஸ்டுரிசல்ட்". சைஸ்ஆஃப்புக்கு "யூஇடிடி_சைஸ்ஆஃப்". டேப் தட்டினால் மேட்சர் பெயர் வரும். மேற்கோளுக்குள் எதுவும் வராது.

பழைய பதிப்புகளில் தப்பான மதிப்பு கொடுத்தால், எதிர்பார்த்தது ஸ்ட்ரிங், வந்தது ஸ்ட்ரிங், டைப் பொருந்தவில்லை என்று பிழை வரும். அதை வைத்து யார் என்ன திருத்த முடியும்? இப்போதைய பதிப்பு நல்ல பிள்ளை: மதிப்பு தெரியவில்லை, இதுவா பாருங்கள் என்று சரியான பெயரையே எடுத்துத் தருகிறது. முன்னொட்டை விட்டுவிட்டாலும் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிக்கத் தெரிந்தது அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். காஸ்ட் வகைப் பெயர்கள் கம்பைலரின் சொந்த டெஃப் ஃபைலில் (பெயர்ப் பட்டியலில்) இருந்தே மேக்ரோ வழியாக வருகின்றன. கிளாங்கில் புது வகை சேர்ந்தால் ஸ்ட்ரிங்கும் தானாகச் சேர்ந்துவிடும். அருமையான ஏற்பாடு.

பெயர் சரியாக இருந்தும் விடை தப்பும் இரண்டு இடங்கள் உண்டு. டிராவர்சலை (மரத்தில் தேடிப் போகும் முறையை) இக்னோர்அன்லெஸ்ஸ்பெல்ட்இன்சோர்ஸ், அதாவது கோடில் எழுதாததை விட்டுவிடு, என்று வைத்திருந்தால் இம்ப்ளிசிட் காஸ்ட் ஒன்றுகூடச் சிக்காது, ஆஸ்இஸ்-க்கு மாற்றுங்கள். 0-க்குப் பதில் சரியாக நல்பிடிஆர் (வெற்றுப் பாயிண்டருக்கான புதிய சொல்) எழுதிய இடத்திலும் அதே காஸ்ட்தான் உட்கார்ந்திருக்கும். அன்லெஸ்(ஹேஸ்சோர்ஸ்எக்ஸ்பிரஷன்(சிஎக்ஸ்எக்ஸ்நல்பிடிஆர்லிட்ரல்எக்ஸ்பர்())) சேர்த்தால்தான் விலகும்.

நான் கிளாங்-குவெரியை விடப்போவதில்லை. உங்களுக்கு மட்டும் வேண்டாம் என்பேன், நண்பரே. கோடைச் சோதித்துத் திருத்தும் கருவியான கிளாங்-டைடியில் மாடர்னைஸ்-யூஸ்-நல்பிடிஆர் செக்கை ஃபிக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள்; ஒரு ஸ்ட்ரிங்கும் தட்ட வேண்டாம், அதுவே மாற்றியும் தரும்.