புலி தின்னட்டும்: சைவ வீட்டுக் குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்கும்போது

வேலூர் லாங் பஜார் பக்கம் நோட்டுப் புத்தகம் விற்கும் கடைகளில் ஒரு நீதிக்கதைப் பெட்டி கிடைக்கும். பத்துப் புத்தகம், ஒவ்வொன்றும் பதினாறு பக்கம், வழவழ தாள், நடுவில் இரண்டு பின். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒரே பத்துக் கதைகள்தான் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பல பெயர்களில் வருகின்றன. கவுச்சி புழங்காத வீட்டில், மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு இந்தப் பெட்டி சரிப்படுமா என்பதுதான் இங்கே கேள்வி. சரிப்படும். ஆனால் வாங்கிய அன்றே பத்தையும் குழந்தை கையில் கொடுத்துவிடக் கூடாது.

பெட்டிக்குள் இருப்பவை: காக்கா-வடை, நாயும் நிழலும், சிங்கமும் முயலும், கொக்கும் நண்டும், குரங்கும் முதலையும், பொன்முட்டை வாத்து, ஓநாயும் ஆட்டுக்குட்டியும், நரியும் திராட்சையும், ஆமையும் முயலும், எறும்பும் வெட்டுக்கிளியும். எண்ணிப் பார்த்தால் ஐந்து கதைகளில் இறைச்சி இருக்கும், இல்லையென்றால் யாரையாவது யாராவது தின்னப் பார்ப்பார்கள். சைவ வீட்டுப் பெற்றோர் பலர் இந்த ஐந்தையும் எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது அவசரம். புலி மானைத் தின்பதால் குழந்தையின் சாப்பாட்டுப் பழக்கம் மாறாது. புத்தகம் "நாம் உண்பது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் முட்டையைக் காட்டுகிறதா, அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கடையிலேயே ஐந்து நிமிடத்தில் ஒரு புத்தகத்தை எடை போட்டுவிடலாம்.

முதலில் காக்கா கதை. ஈசாப்பின் கிரேக்க வடிவம் ஒன்றில் காகம் திருடுவது இறைச்சித் துண்டு. பிறகு வந்த ஐரோப்பிய வடிவங்களில் அது பாலாடைக்கட்டி. பௌத்த ஜாதகக் கதை ஒன்றில் காகம் நாவல் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்ன, கீழிருந்து நரி புகழ்கிறது. நம் ஊருக்கு வந்ததும் பாட்டி வடை சுட உட்கார்ந்துவிட்டாள். அந்தந்த ஊர் அடுப்பில் என்ன இருந்ததோ அதுதான் காக்காவின் வாயிலும். ஆகவே உணவை மாற்றினால் கதைக்குத் துரோகம் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கதையில் அந்த உணவுக்கு என்ன வேலை என்று மட்டும் பார்த்தால் போதும். நாயும் நிழலும் கதையில் நாய் கவ்வியிருப்பது எலும்பு. ரொட்டித்துண்டு என்று வாசித்தாலும் அது தண்ணீரில் விழத்தான் போகிறது, நாய் ஏமாறத்தான் போகிறது.

சிங்கமும் முயலும் அப்படி இல்லை. தினம் ஒரு மிருகம் சிங்கத்துக்கு இரையாகப் போக வேண்டும், அதுதான் கதையின் முதுகெலும்பு. "தினம் ஒரு மிருகம் சிங்கத்தோடு விளையாடப் போனது" என்று ஒரு பெட்டியில் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். விளையாடத்தான் கூப்பிட்டது என்றால் முயல் ஏன் சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைக்க வேண்டும்? நாலு வயதுக் குழந்தை இந்தக் கேள்வியைக் கேட்கும், பதில் இருக்காது. கொக்கும் நண்டும் இன்னும் கறார். வேறு குளத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிக் கொக்கு மீன்களைப் பாறைக்குத் தூக்கிப்போய்த் தின்கிறது. பாறையில் கிடக்கும் முள் குவியலைப் பார்த்துத்தான் நண்டுக்கு விஷயம் புரிகிறது. முள்ளை எடுத்துவிட்டால் நண்டுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கதையை ஐந்து வயதுக்கு மேல் அப்படியே வாசிக்கலாம். அதற்கு முன் வேண்டாம். சைவம் காரணமில்லை, நம்பிப் போனவர்களைத் தின்கிற பயம்தான் காரணம்.

பெட்டியில் உண்மையிலேயே ஒத்திவைக்க வேண்டியது பொன்முட்டை வாத்து. அதில் யாரும் கறி சாப்பிடவில்லை என்பதால் பெற்றோர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் கடைசிப் படத்தில் கத்தியும் கிழிந்த வயிறும் இருக்கும். வீட்டில் கத்தி காய் நறுக்க மட்டும் என்று பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, ஓநாயின் பல்லைவிட அந்தப் படம்தான் ராத்திரி ஞாபகம் வரும்.

சொல்லை மாற்றுவது பற்றி. சிலர் 'கறி', 'மீன்' என்ற இடங்களில் ஒயிட்னர் பூசுகிறார்கள். வழவழ தாளில் ஒயிட்னர் ஒட்டாது. நாலு நாளில் விரிசல் விட்டு உதிரும், குழந்தை நகத்தால் சுரண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடும். மறைத்த சொல்தான் முதலில் மனசில் பதியும். மாற்றியே ஆக வேண்டுமானால் வெள்ளை லேபிள் ஸ்டிக்கரை வரியின் அளவுக்கு வெட்டி, நாலு மூலையையும் வளைவாகக் கத்தரித்து ஒட்டுங்கள். கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் பிய்யும். ஜெல் பேனா ஈரக்கையில் கலையும், மெல்லிய பெர்மனென்ட் மார்க்கரால் எழுதுங்கள். இவ்வளவும் செய்துவிட்டுப் படத்தை மறந்துவிடக் கூடாது. எழுத்து தெரியாத குழந்தை படத்தைத்தான் வாசிக்கிறது. மேசை நடுவில் முழுக்கோழி வறுத்து வைத்திருக்கும் படத்துக்குக் கீழே 'பூசணிக்காய்' என்று ஒட்டினால், "பூசணிக்கு ஏன் கால் இருக்கு?" என்று கேள்வி வரும். படமும் சொல்லும் ஒத்துப்போகாத பக்கத்தில் கை வைக்காமல் விடுவதே மேல்.

வாசிக்கும்போது வரும் கேள்விக்குப் பதில் சுருக்கமாக இருக்கட்டும். "ஏம்மா, புலிக்கு நாம சாம்பார் சோறு குடுத்தா சாப்புடாதா?" "அது வயிறு வேற கண்ணு, அதுக்குச் சோறு பத்தாது. நமக்குச் சோறு, பருப்பு, தயிரு போதும்." அடுத்து கட்டாயம் வருவது: "பக்கத்து வீட்டு அக்கா சாப்புடுறாங்களே?" "அது அவங்க வீட்டு வழக்கம். இது நம்ம வீட்டு வழக்கம்." இங்கே நிறுத்திவிட வேண்டும். 'பாவம்', 'கொலை' என்ற சொற்களை நாலு வயதில் கொடுத்தால், அவை மறுநாளே வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் முன்னால் போய் இறங்கும். ஆம்பூர் பிரியாணியின் வாசம் பஸ் ஜன்னல் வழியே வருகிற வட்டாரம் இது. இங்கே வளரும் பிள்ளை மூக்கைப் பொத்தக் கற்றுக்கொண்டால் சிநேகிதம் மிஞ்சாது.

'முதல் நூறு சொற்கள்' வகை கெட்டி அட்டைப் புத்தகங்களில் மீன், முட்டை, கோழி எல்லாம் பெயராக வந்தால் பிரச்சினை இல்லை. பெயர் தெரிவது வேறு, தின்பது வேறு. ஆனால் 'நாம் உண்ணும் உணவு' என்று தலைப்பிட்ட பக்கமும், சுவரில் ஒட்டும் உணவுச் சார்ட்டும் வேறு ரகம். புரதம் என்ற கட்டத்தில் முட்டை, மீன், கோழிக்கால் மட்டும் வரைந்த சார்ட்டுகள் நிறைய. குழந்தை அதைப் பார்த்து, நம் வீட்டில் பலம் தருவது எதுவும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். இந்தச் சார்ட்டை வாங்காதீர்கள். ஏற்கெனவே சுவரில் இருந்தால் அதே கட்டத்தில் ஒரு கைப்பிடி மல்லாக்கொட்டையை (வேர்க்கடலையை) குழந்தையையே வரையச் சொல்லுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 25 கிராம் மல்லாக்கொட்டையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. (ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்தோ, வெல்லத்தோடு இடித்து உருட்டியோ கொடுங்கள். பி12 வைட்டமின் மட்டும் பயறு வகையில் கிடைக்காது, பாலும் தயிரும் தினம் இருக்க வேண்டும்.) சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள் என்பதையும் பள்ளியில் சேர்க்கும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். வரிசையில் நின்று திகைக்காது.

எல்லாச் சைவ வீடும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வீடுகளில் தேனும் விலக்கு, பொழுது சாய்ந்த பின் சாப்பாடும் விலக்கு. அந்த வீட்டுக்குக் கரடி தேன்கூட்டை உடைக்கும் கதையும், நிலா வெளிச்சத்தில் விருந்து நடக்கும் கதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியவை. கடைக்காரருக்கு இது தெரியாது, பெட்டியின் மேல் போட்டிருக்கவும் மாட்டார்கள்.

பெட்டிக்கு வெளியே, பக்திக்கதைப் புத்தகங்கள். கண்ணப்ப நாயனார் கதையைப் பிள்ளைகளுக்கு எழுதுகிற பலர் 'உணவு படைத்தார்' என்று மழுப்பிவிடுகிறார்கள். பெரியபுராணத்தில் அவர் படைப்பது தானே வேட்டையாடி, வாயில் போட்டுச் சுவை பார்த்த பன்றி இறைச்சி. அங்கே பூசை செய்யும் சிவகோசரியார் பதறுவதும், சாமி அதை ஏற்றுக்கொள்வதும்தான் கதை. பழம் என்று மாற்றினால் பதற என்ன இருக்கிறது? சைவ வீட்டுக் குழந்தைக்கு இந்தக் கதை ஏழு வயதுக்கு மேல் அவசியம் வேண்டும். கறி தின்பவரைச் சாமியே கைபிடித்து ஏற்றுக்கொண்ட கதை வேறு எங்கே கிடைக்கும்? சிபி கதைக்கும் அதே வயது. பருந்து "புறா என் இரை" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று குழந்தைக்குப் படுவதற்கு அந்த முதிர்ச்சி தேவை. தொடையை அறுக்கும் படத்தைப் பெரிதாகப் போட்ட பதிப்பை மட்டும் தவிருங்கள். குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில் எல்லா உயிரும் கைகூப்பி நிற்கிறது. கிரேயானைக் கையில் கொடுத்து அதை வரையச் சொன்னால் எறும்பு எப்படிக் கைகூப்பும் என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளும்.

சின்னதுகளுக்கு உள்ளூரிலேயே நல்ல கதை இருக்கிறது. காட்பாடியைத் தாண்டிப் போனால் வள்ளிமலை. வேடர் குடியில் வளர்ந்த வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். கிழவனாக வந்த முருகன் கேட்பது தேனும் தினைமாவும். யானை வருகிறது, கவண்கல் பறக்கிறது. மூன்று வயதுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தக் கதைக்கு நல்ல படப்புத்தகம் பெட்டியில் வருவதில்லை.

அந்தக் குறைக்கு ஒரு வழி உண்டு. பிரதம் புக்ஸ் என்ற லாபநோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இலவசம், தமிழிலும் ஏராளம். மொழியைத் தமிழ் என்றும், நிலையை 1 முதல் 4 வரை ஒன்றாகவும் தேர்ந்தெடுக்கலாம். நிலை 1 என்றால் 250 சொல்லுக்குள், நிலை 2 என்றால் 600 வரை. இந்த நிலை மொழிக் கடினத்துக்கு மட்டுமே. கதையில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை அது சொல்லாது. முழுவதும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கதைகளுக்குப் பொது உரிமம் இருக்கிறது. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் வார்த்தையை மாற்றி எழுதவும் தடையில்லை. கடைசியில் வரும் பெயர்ப் பக்கத்தைக் காகிதம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெட்டிவிடாதீர்கள்.

அச்சிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கம் நெட்டுவாக்கில் இருந்தால் பி.டி.எஃப். கோப்பை 'புக்லெட்' என்று தேர்ந்து ஏ4 தாளில் இருபுறமும் அடிக்கச் சொல்லுங்கள். பதினாறு பக்கக் கதைக்கு நாலே தாள், நடுவில் மடித்தால் ஏ5 புத்தகம். தாளைக் குட்டை விளிம்பில் திருப்பச் சொல்ல வேண்டும். நெட்டை விளிம்பில் திருப்பினால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும், ஜெராக்ஸ் கடையில் காசு போனது போனதுதான். பக்கம் அகலவாக்கில் இருந்தால் இந்த வழி உதவாது. ஒரு தாளுக்கு மேலும் கீழுமாக இரண்டு பக்கம் வைத்து ஒருபுறம் மட்டும் அடித்து, குறுக்கே வெட்டி, இடது ஓரத்தில் தையுங்கள். கறுப்பு வெள்ளையில் அடித்தால் காட்டுக் கதைகள் வேண்டாம். இருட்டுப் பக்கங்கள் மொத்தமும் கரி பூசினாற்போல் ஆகிவிடும், வெள்ளைப் பின்னணி கொண்ட கதைகளே தெளிவாக வரும். சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரை எட்டாது. கோணி ஊசியால் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போட்டால் ஒரு வருஷம் தாங்கும். வள்ளி கதையை இப்படி எட்டுப் பக்கத்தில் நீங்களே எழுதி, படத்தைக் குழந்தையிடம் விட்டுவிடலாம். இரண்டு தாள் போதும்.