கோயம்புத்தூரில் ஒரு மரபணு ஆலோசனை மையம்: எங்கள் அனுபவம்

பெருந்துறையில் இருக்கும் என் மகளுக்கும் கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் அக்காள் மகனுக்கும் நிச்சயம் செய்வதற்கு முன், இருவரையும் கோயம்புத்தூரில் உள்ள ஒரு தனியார் மரபணு ஆலோசனை மையத்துக்கு அழைத்துச் சென்றோம். இரத்தசோகை என்று மூன்று ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் மகளின் ஹீமோகுளோபின் ஏறாததே காரணம்.

இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போக இரண்டு வழிகள் உண்டு என்று ஆலோசகர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இரும்புச்சத்து குறைந்தால், ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் குறைகிறது. அதை உணரும் ஒரு நொதி, செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம்கள் ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினைக் கட்டும் வேலையையே மட்டுப்படுத்திவிடுகிறது. இரும்பு கிடைத்ததும் வேலை மீண்டும் நடக்கும். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டிலோ குறை மரபுச் செய்தியிலேயே இருக்கிறது. 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா குளோபினில், 15-ஆவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியில் ஓர் எழுத்து மாறி ‘நிறுத்து’ என்றாகிவிட்டால், பதினான்கோடு கட்டுமானம் நின்றுவிடும். அதை எந்த மாத்திரையும் சரிசெய்யாது. இந்தியாவில் அடிக்கடி காணப்படும் இந்தப் பிறழ்வுதான் எங்கள் பிள்ளைகள் இருவரிடமும் இருந்தது.

இருவருக்கும் ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2-வின் அளவு 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 3.5-க்கு மேல் போனாலே ஐயப்பட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்தே சோதித்தது இம்மையத்தின் கவனத்துக்குச் சான்று. இருவரும் நோயாளிகள் அல்லர், குறையுள்ள மரபணு ஒன்றைச் சுமக்கும் கடத்திகள் மட்டுமே. ஆனால் அவர்கள் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் கடும் தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. கூட்டம் (குலப்பிரிவு) பார்த்துப் பெண் கொடுக்கும் நம் வழக்கம் தந்தை வழியை மட்டுமே விலக்குகிறது. தாய் வழியாகவும் வரும் மரபணுவுக்குக் கூட்டம் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். முடிவை முதலில் தொலைபேசியில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லில் தெரிவித்துவிட்டார்கள். விளக்கம் கிடைக்க நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் என் அக்காள் சரியாகச் சாப்பிடவில்லை. அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. செல்பவர்கள், முடிவை நேரில், ஆலோசகர் முன்னிலையில், தமிழில் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.