ஒரு கைப்பிடி, நாலு தலை: எலக்ட்ரிக் பிரஷ் ஒரு குடும்பத்துக்குத் தாங்குமா?

வீட்டுக்கே ஒன்று போதும் என்று சொல்லி விற்கும் ரிச்சார்ஜபிள் எலக்ட்ரிக் பிரஷ் பெட்டியில் ஒரு கைப்பிடி, ஒரு சார்ஜர் தட்டு, நிற வளையம் போட்ட நாலு தலைகள் இருக்கும். எது யாருடைய தலை என்பதை வளையத்தின் நிறத்தை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். பல் துலக்கும் கருவியாக இது நல்ல பொருள். குடும்பப் பொருளாக அரைக்கிணறுதான் தாண்டுகிறது. குறை பேட்டரியில் இருக்கிறது.

"ஒரு சார்ஜுக்கு 14 நாள்" என்று போட்டிருந்தால், அது ஒரே ஆள் காலையும் இரவும் 2 நிமிடம் தேய்ப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. மொத்தம் 56 நிமிட ஓட்டம். நாலு பேர் பயன்படுத்தினால் ஒரு நாளைக்கு 16 நிமிடம் போய்விடும். நாலாம் நாள் நடுவில் பிரஷ் படுத்துவிடும். இது லித்தியம் அயான் மாடலுக்கு. ஒரு வாரம் என்று சொல்லும் நிக்கல் பேட்டரி மாடலில் இருப்பது 28 நிமிடம்தான், இரண்டு நாள்கூட முழுதாக வராது. அது முழுதாக ஏற 12 முதல் 16 மணி நேரம் பிடிக்கலாம். அதனால் பயன்படுத்தாத நேரமெல்லாம் கைப்பிடி தட்டிலேயே நிற்க வேண்டும். யாராவது எடுத்த இடத்தில் வைக்காமல் போனால், அன்றிரவு கடைசியாகத் துலக்க வருபவருக்கு மந்தமாகச் சுற்றும் பிரஷ்தான் கிடைக்கும். பெரும்பாலான கைப்பிடிகளில் பேட்டரி உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. நாலு பேர் ஓட்டினால் அதன் ஆயுளும் அந்த வேகத்தில் கரையும்.

சரி, பல் சுத்தமாகிறதா? ஆகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பின்படி, சாதாரண பிரஷோடு ஒப்பிட்டால் எலக்ட்ரிக் பிரஷ் பல்லில் படியும் பிளாக்கை (கிருமிப் படலத்தை) முதல் மூன்று மாதங்களில் 11 சதவீதமும் அதற்குப் பிறகு 21 சதவீதமும் கூடுதலாகக் குறைத்தது. ஈறு அழற்சியில் வித்தியாசம் அதே வரிசையில் 6, 11 சதவீதம். பெரிய மாயமில்லை, ஆனால் உண்மையான ஆதாயம். கையால் ஒழுங்காக 2 நிமிடம் தேய்க்கிறவருக்கு இதனால் அவ்வளவு லாபம் இல்லை. விரல் மடங்காத மூட்டுவாதக்காரர், கை நடுங்கும் பெரியவர், அரைத் தூக்கத்தில் முப்பது நொடியில் முடித்துவிடும் பிள்ளை ஆகியோருக்குத்தான் நிறைய லாபம்.

வட்டத் தலை இடமும் வலமுமாகச் சுழன்று திரும்பும், நிமிடத்துக்கு 7,600 முதல் 8,800 முறை. நீளத் தலை கொண்ட சோனிக் வகை சுமார் 31,000 அசைவு என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு அசைவு, எண்ணும் விதமும் வேறு. எண் பெரியது என்பதற்காக வாங்க வேண்டாம். கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குச் சின்ன வட்டத் தலை வசதி. ஈறு கூசுகிறவர்களுக்கு சோனிக் மென்மையாகத் தோன்றும்.

பிரஷ் மாறினாலும் பழைய கைப்பழக்கம் மாறாததால்தான் பலருக்குப் பயன் கிடைப்பதில்லை. இதை முன்னும் பின்னும் அரக்கித் தேய்க்கவே கூடாது. பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, தலையை வாய்க்குள் கொண்டுபோன பிறகே பொத்தானை அழுத்துங்கள்; இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்கத் தெறிக்கும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் தலையைச் சும்மா வைத்து, பல் பல்லாக நகர்த்தினால் போதும். ஞானப்பல் நீங்கலாக 28 பல் என்று வைத்துக்கொண்டால் தேய்க்க வேண்டிய முகங்கள் 72: கடைவாய்ப் பற்கள் 16க்கும் மூன்று, முன்பற்கள் 12க்கும் இரண்டு. 120 நொடியில் ஒரு முகத்துக்கு ஒன்றரை நொடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். முப்பது நொடிக்கு ஒரு முறை கைப்பிடி துடித்துக் காட்டுவது வாயின் கால்பகுதி மாறுவதற்காக; அதை மதித்தாலே பாதி வேலை ஒழுங்காகிவிடும். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்துக்கு மட்டும் தலையைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி திறப்பது அங்கேதான் என்பதால் காரை முதலில் கட்டுவதும் அங்கேதான்.

அழுத்தம் இன்னொரு வம்பு. சமையலறைத் தராசில் பிரஷ் தலையை அழுத்திப் பாருங்கள்: 150 கிராமைச் சுற்றி நின்றால் சரி. அதைத் தாண்டி அழுத்தினால் தலையின் அசைவு தடைப்பட்டுச் சத்தம் கனக்கும். பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து, ஈறு கீழிறங்கி, குளிர்ந்த நீர் பட்டாலே கூசத் தொடங்கும். ஆகவே விளக்கு எரிந்தோ வேகம் குறைந்தோ எச்சரிக்கும் அழுத்த சென்சார் இருக்கிற மாடல்தான் வாங்கத் தகுந்தது. போனோடு இணையும் செயலி, ஐந்தாறு வகை மோடுகளெல்லாம் ஒரு மாதம் விளையாடப் பயன்படும்.

குழந்தைகளுக்கு மூன்று வயதுக்கு மேல், மென்மையான சின்னத் தலையோடு மட்டும். அந்த வயது வரை பேஸ்ட் அரிசிமணி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு; ஃப்ளோரைடு 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) குறையாமல் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 1,350 முதல் 1,500. பிரஷ் தானே சுற்றுகிறதே என்று குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது; ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், நீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் அதோடு போய்விடும்.

கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு இந்தப் பிரஷையும் பேஸ்டையும் பயன்படுத்தாதீர்கள், அக்ரிலிக்கில் கீறல் விழும். தனிக் கைபிரஷும் மென்மையான சோப்பும் போதும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சார்ஜர் தட்டை மார்பிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளி வைக்க வேண்டும். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. பல்லிடுக்கை எந்தத் தலையும் முழுதாகத் தொடாது, அதற்கு ஃப்ளாஸ் நூலோ இடுக்குப் பிரஷோ வேண்டும்.

இருவருக்கு ஒரு கைப்பிடி நன்றாகவே ஓடும். நாலு பேர் என்றால் ஆடம்பர மாடல் ஒன்றைவிட, டைமரும் அழுத்த சென்சாரும் உள்ள சாதாரண மாடல் இரண்டு மேல். ஒன்று பழுதானாலும் வீடு முழுக்கப் பழைய பிரஷைத் தேட வேண்டியிராது.

பராமரிப்பை யாரும் பெட்டியில் பெரிதாக எழுதுவதில்லை. தலையைக் கழற்றாமலே விட்டால் உலோகத் தண்டைச் சுற்றிப் பேஸ்டும் எச்சிலும் கலந்த கருஞ்சேறு கட்டும். அது நாலு பேர் வாயிலிருந்தும் வந்த சேறு. ஒவ்வொருவரும் முடித்ததும் தலையைக் கழற்றி உட்குழியில் நீர் விட்டு அலசி, தண்டைத் துடைத்து, தலையை மூடி போடாமல் நிமிர்த்திக் காயவிட வேண்டும். தலைகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. மூன்று மாதத்தில் தலையை மாற்றுங்கள். இழைகள் அதற்குள் விரிந்துவிட்டால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். சார்ஜர் தட்டின் குழியில் வெள்ளையாகத் தேங்கும் கஞ்சியைத் துடைக்கும்போது முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.